அப்புறம் பலகை

சிட்டுவின் அப்பா கை வைத்தால் ஓடாத சைக்கிளும் ஓடும். ஆனால் அவர் கை வைக்க வேண்டுமே! அதுதான் பெரும்பாடு.

“அண்ணே, என் வண்டி என்னாச்சு?” என்று யாராவது கடை வாசலில் வந்து நின்றால், “இதோ ஆச்சு, இதோ!” என்பார். அந்த ‘இதோ’ சில சமயம் அரை மணி நேரம். சில சமயம் அரை மாதம். தெருவில் அவருக்கு ‘இதோ மெக்கானிக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர் சோம்பேறி இல்லை. நாள் முழுக்க ஓயாமல் ஏதாவது செய்துகொண்டுதான் இருப்பார். ஸ்பானரை எடுப்பார். போன் ‘டிங்’ என்னும். யாரோ அனுப்பிய வீடியோவில் ஒரு பூனை வாளித் தண்ணீரில் குதிக்கும். அதைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டர் பேச வந்துவிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர். அவர் நகர்ந்தால் பார்சல்காரர் வருவார். பார்சலைப் பிரித்து, உள்ளே இருப்பதை எப்படி மாட்டுவது என்று படித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

கடையின் மூலையில் சக்கரம் ஆடுகிறது என்று வந்த ஒரு சக்கர நாற்காலி பத்து நாளாகக் காத்திருந்தது. அது கேப்டனுடையது.

கேப்டனும் சிட்டுவும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். எந்த விளையாட்டானாலும் அணி பிரிப்பது, சண்டை தீர்ப்பது, எதிரணியைக் கேலி செய்வது எல்லாம் அவள்தான். அதனால் ஆசிரியர்கள்கூட அவளைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். அவளால் நடக்க முடியாது. ஆனால் இரண்டு கைகளாலும் சக்கரங்களை உருட்டிக்கொண்டு அவள் வரும் வேகத்தைப் பார்த்தால் தலைமையாசிரியரே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்.

அதெல்லாம் பத்து நாளுக்கு முன்பு. இப்போது அவள் உட்கார்ந்திருந்தது இரவல் நாற்காலியில். அதற்குச் சின்னச் சின்னச் சக்கரங்கள். யாராவது பின்னால் நின்று தள்ளினால்தான் நகரும்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். சிட்டு தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதால் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். கேப்டன் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் வரலை?”

“வர்றேன்னுதான் சொன்னேன். தள்ள வேண்டியவன் என்னை விட்டுட்டு ஓடிட்டான்” என்று கேப்டன் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமை விளையாட்டு விழா. அதில் இந்த வருடம் புதிதாகச் சக்கர ஓட்டம். ஸ்கேட், ஸ்கூட்டர், நாற்காலி, எதுவானாலும் சரி. இன்ஜின் மட்டும் கூடாது. அந்தப் போட்டியை வைக்கச் சொல்லி விளையாட்டு ஆசிரியரை ஒரு வருடமாக நச்சரித்ததே கேப்டன்தான்.

“உங்கப்பாவை அவசரப்படுத்தாதே, சிட்டு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாற்காலி வரலைன்னா என் பேரை எடுத்துடுங்கன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். பரவாயில்ல, நான் கைதட்டுறேன்.”

‘அப்பா நாளைக்கே முடிச்சிடுவாரு’ என்று பத்து நாளாகச் சொல்லி வந்தது சிட்டுவின் வாய்தானே?

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு ஓடினாள். அப்பா தரையில் சம்மணமிட்டு ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“வா, வா சிட்டு! இதைப் பாரு. கவனத்தைக் கூட்டுற கடிகாரமாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிச்சு, ‘வேலையைப் பார், வேலையைப் பார்’னு சொல்லும்.”

“எப்ப வாங்கினீங்க?”

“முந்தாநாள். வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போது விளம்பரம் வந்துச்சு.”

“அதைப் பார்க்க வேலையை நிறுத்திட்டீங்களா?”

அப்பா கடிகாரத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

கத்தவேண்டும் போலிருந்தது சிட்டுவுக்கு. ஆனால் அப்பாவின் முகம் வாடிப்போயிருந்தது. அவர் மெல்ல எழுந்து நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றார்.

“தினமும் காலையில இதைத்தான் முதல்ல எடுக்கணும்னு நினைக்கிறேன்மா. சத்தியமா. நடுவுல ஏதாவது வந்துடுது. அது போனா இன்னொண்ணு. நாள் எங்க போகுதுன்னே தெரியல.”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கேப்டன் தன் பேரை எடுக்கச் சொல்லிட்டாப்பா. ஓடப் போறதில்லையாம். கைதட்டப் போறாளாம்.”

அப்பா ஸ்பானரை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ‘டிங்!’ அவருடைய கண் தானாகப் போனுக்குப் போனது.

“அப்பா, இதை அப்புறம் பாருங்களேன்” என்றாள் சிட்டு.

சொன்ன மாத்திரத்தில் அவள் மூளைக்குள் பல்பு எரிந்தது.

“அப்பா! எதையும் அப்புறம் அப்புறம்னு தள்ளிப்போடுறதுல இந்த ஊர்லயே நீங்கதானே கெட்டிக்காரர்?”

“குத்திக்காட்டாதேம்மா.”

“இல்லப்பா, நிஜமாத்தான் சொல்றேன்! வேலையைத் தள்ளிப்போடுறதுக்குப் பதிலா, நடுவுல வர்றதைத் தள்ளிப்போடுங்க!”

‘இங்கே பஞ்சர் ஒட்டப்படும்’ என்று எழுதிய கரும்பலகை சுவரில் தொங்கியது. சிட்டு அதைத் திருப்பி, பின்பக்கத்தைத் துடைத்தாள். சாக்குக்கட்டியால் கொட்டை எழுத்தில் ‘அப்புறம்’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘1. பூனை வீடியோ’.

“எதையும் வேண்டாம்னு சொல்ல வேண்டாம். பலகையில எழுதிட்டா போதும். நாற்காலி முடிஞ்சதும் எல்லாத்தையும் பார்க்கலாம்.”

அப்பா பலகையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. “என்னப்பா, சேதி தெரியுமா?” என்று போஸ்ட்மாஸ்டர் வந்து நின்றார். அப்பாவின் கை தயங்கியது. சிட்டு சட்டென்று எழுதினாள்: ‘2. போஸ்ட்மாஸ்டர் தாத்தா சொல்லும் சேதி’.

“அடடே, என்னையும் பூனையையும் ஒரே வரிசையில வச்சிட்டியா?”

“கோவிச்சுக்காதீங்க தாத்தா. அப்பா முக்கியமான வேலையில இருக்காரு.” அவருடைய முகம் சுருங்கியதைப் பார்த்ததும் சிட்டுவுக்கு மனசு கேட்கவில்லை. “நீங்க ஒரு உதவி பண்றீங்களா? போன் வந்தா எடுத்துப் பேசணும். அப்பா பேசினா வேலை நின்னுடும்.”

போஸ்ட்மாஸ்டரின் முகத்தில் தீபாவளி வெடிக்காத குறை. “பேசணுமா? நானா?” என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போன் அடித்தது. “வணக்கம், சைக்கிள் கடை! மெக்கானிக் வேலையா இருக்காரு. நீங்க யாரு? எந்தத் தெரு? அந்தத் தெருவுல ஒரு வேப்பமரம் இருக்குமே...” அந்தப் பக்கத்தில் இருந்தவர்தான் பாவம், எப்படித் தப்பித்தாரோ!

இருட்டுவதற்குள் சக்கரத்தின் வளைந்த கம்பிகள் எல்லாம் மாற்றியாகிவிட்டன. அப்பா சக்கரத்தைக் கழற்றி, அதன் நடுவிலிருந்த பேரிங்கை வெளியே எடுத்தார். அது இரண்டாகப் பிளந்திருந்தது.

“இதுதான் சக்கரம் ஆடினதுக்குக் காரணம். புதுசு வேணும். நாளைக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைத்தெருவுக்குப் போவோம்.”

“காலையிலேயே நீங்க போயிடுங்களேன்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “தனியா அனுப்பினா நான் என்னென்ன வாங்கிட்டு வருவேன்னு எனக்கே பயமா இருக்கும்மா.”

மைதானத்தில் கோடு போடவேண்டும் என்று வெள்ளிக்கிழமை அரை நாள்தான் பள்ளி. மதியமே இருவரும் கிளம்பினார்கள். பேரிங் கடை கடைத்தெருவின் கடைசியில் இருந்தது. முதல் கடையிலிருந்தே சோதனை தொடங்கிவிட்டது.

“இன்னிக்கு மட்டும்! இன்னிக்கு மட்டும் பாதி விலை!” என்று ஒருவர் மைக்கில் கத்தினார். அப்பாவின் நடை மெதுவானது.

“போன வாரமும் அவர் இன்னிக்கு மட்டும்னுதான் சொன்னாரு” என்றாள் சிட்டு.

அடுத்த கடையில் ஒருவர் சின்ன டப்பாவில் வெங்காயத்தைப் போட்டுக் கயிற்றை இழுத்தார். “ஒரே இழுப்பு! வெங்காயம் பொடிப்பொடி!”

“சிட்டு, அம்மாவுக்கு உதவியா இருக்குமே...”

“அம்மாகிட்ட இதுல மூணு இருக்குப்பா. மூணும் நீங்க வாங்கினது.”

“எழுது, எழுது. பலகையில எழுது” என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். ஒரு மிதிவண்டியில் மோதப் பார்த்தார்.

இன்னும் நாலே கடைதான். சிட்டுவின் கால் திடீரென்று நின்றது. அந்தக் கடையில் கண்ணாடிப் பெட்டி நிறைய ஸ்டிக்கர்கள்! சாய்த்தால் நிறம் மாறுகிற மீன்கள், இருட்டில் மின்னும் நட்சத்திரங்கள். அவளுடைய கை தானாகப் பைக்குள் போனது. உண்டியலிலிருந்து எடுத்த காசு உள்ளே கிணுகிணுத்தது. இந்த மீன் நல்லா இருக்கா, அந்த மீனா? திமிங்கிலம்கூட இருக்கே! எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“சிட்டு” என்று அப்பா காதருகே மெல்லக் கூப்பிட்டார். “பேரிங் கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்கம்மா.”

சிட்டு விழித்துக்கொண்டாள். முகம் சிவந்துபோனது. “ஐயோ! அப்பா, எழுதுங்க. ‘மீன் ஸ்டிக்கர்’னு எழுதுங்க. ஓடுங்க!”

இருவரும் ஓடினார்கள். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து, “அண்ணே, ஒரே ஒரு பேரிங்!” என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள். சாப்பிடக் கிளம்பிய கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டரை மறுபடியும் தூக்கினார்.

கடைக்குத் திரும்பியதும் அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. பேரிங்கைப் பொருத்தி, கிரீஸ் தடவி, சக்கரத்தை மாட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். இடது பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தது. ஒரு கம்பியை முறுக்கினார். மறுபடி சுற்றினார். இன்னொரு கம்பி. சிட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள், எண்ணெய்க் குப்பியைப் பிடித்தாள், விளக்கைக் காட்டினாள். வாசலில் வந்த பார்சல்காரரிடம் போஸ்ட்மாஸ்டர், “இன்னிக்கு எதுவும் பிரிக்க மாட்டோம். நீங்க வேணா உட்காருங்க, ஒரு சேதி சொல்றேன்” என்றார். பார்சல்காரர் பறந்துவிட்டார்.

கடைசியில் அப்பா ஒரே ஒரு விரலால் சக்கரத்தைத் தட்டினார். அது சுற்றியது. சத்தமே இல்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“முடிஞ்சதாப்பா?”

“முடிஞ்சதும்மா!” என்று அப்பா கிரீஸ் கையோடு அவளைத் தூக்கிவிட்டார். சிட்டுவின் சீருடையில் பத்து விரல்களும் பதிந்தன. அப்பாவுக்கு வருத்தமில்லை, அதைத் துவைக்கப் போவதும் அவர்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் நாற்காலியோடு கேப்டன் வீட்டுக்குப் போனார்கள். கேப்டன் அதில் ஏறி உட்கார்ந்தாள். வாசலிலிருந்து தெருமுனை வரை ஒரே பாய்ச்சல். திரும்பி வந்து சறுக்கி நின்றாள்.

“மாமா, முன்னைவிட வேகமா போகுதே! என்ன பண்ணினீங்க?”

“வேற எதுவும் பண்ணல. இதை மட்டும்தான் பண்ணினேன்” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை மைதானத்தில் ஒரே கூட்டம். சக்கர ஓட்டத்துக்கு ஆறு பேர் நின்றார்கள். மூன்று ஸ்கேட், இரண்டு ஸ்கூட்டர், ஒரு நாற்காலி. விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதினார்.

ஸ்கேட் பையன்கள் அம்புபோலக் கிளம்பினார்கள். கேப்டன் ஆறாவதாக இருந்தாள். முதல் வளைவில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து, மற்றதை உருட்டி, சிக்கென்று திரும்பினாள். ஸ்கூட்டர்கள் இரண்டும் அகலமாகச் சுற்றி வருவதற்குள் அவள் நாலாவது ஆனாள். அடுத்த வளைவில் ஒரு ஸ்கேட்டையும் முந்தி மூன்றாவது ஆனாள்.

“உருட்டு, கேப்டன், உருட்டு!” என்று சிட்டு தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் அப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். தலைமையாசிரியர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கடைசி நேர்கோடு. கேப்டனின் கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏறி இறங்கின. இரண்டாவது ஆனாள். முன்னால் போன ஸ்கேட் பையன் திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமாக இருந்தது. நாடாவை அறுத்தது நாற்காலியின் கால்மிதி!

மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அப்பா போஸ்ட்மாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். சிட்டு கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள்.

ஆனால் கேப்டன் நிற்கவில்லை. “இன்னொரு சுத்து!” என்று கத்திக்கொண்டே உருட்டினாள். சிட்டு கூடவே ஓடிப் பார்த்தாள். பாதி தூரத்தில் மூச்சு வாங்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கேப்டன் அடுத்த வளைவில் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் தள்ளவும் யாரும் இல்லை.