வெள்ளை பூத்த சொக்லட்

மாத்தளை நகரில் ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் அனுஷியாவின் அலுவலகம் இருந்தது. "சிறுதொழில்களுக்கு மானியம், நிதியுதவி தேடித் தரப்படும்" என்றது வாசல் பலகை. அவளுடைய உதவியாளன் பஸ்லிக்கு அந்தப் பலகையில் திருப்தியில்லை. எந்தத் திட்டத்தில் எந்தப் பணம் ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிறவர்களும் துப்பறிகிறவர்கள்தானே, அதையும் ஒரு வரி எழுதினால் என்ன என்பது அவன் கட்சி. முன்பு பத்து வருடம் ஆயுள் காப்புறுதி விற்றவன் அவன். யாரைக் கண்டாலும் சந்தேகப்படுவது அந்தத் தொழில் விட்டுச்சென்ற பழக்கம்.

அந்தப் புதன்கிழமை, யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, ஆள் தெரிவதற்கு முன்பே படிக்கட்டில் அழுகைச் சத்தம் வந்தது. பின்னாலேயே ஒரு அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிஷ்மியா வந்தாள்.

"அனுஷியா அக்கா, எல்லாம் போச்சு!"

நிஷ்மியா யட்டவத்தைக்காரி. ஊரில் விளையும் கொக்கோவை வாங்கி, வீட்டின் பின்னறையில் சொக்லட் செய்பவள். கணவன் கட்டாரில் இருந்தான். கையால் அரைத்து அரைத்துத் தோள் கழன்றுபோன நிலையில்தான் அவள் அனுஷியாவிடம் முதன்முதலாக வந்தாள். வட்டிக்கு ஒரு சதமும் வாங்கமாட்டேன், அது மார்க்கத்தில் ஆகாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். அனுஷியாவும் அங்கே இங்கே என்று தேடி, மாகாணத்துச் சிறுதொழில் மானியம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்திருந்தாள். அரைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு சின்னக் குளிர் அறைக்கும் ஆகும் செலவில் பாதியை அவர்கள் தருவார்கள். மாதிரிப் பெட்டி தெரிவுக் குழுவுக்குப் பிடித்தால் போதும் என்ற கட்டம்வரை வந்தாயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இப்போது நடந்திருந்தது.

"காலையில குழுவிலிருந்து போன் கோல் வந்திச்சு. சொக்லட்ல பூஞ்சணம் பூத்திருக்காம், மருந்து வாசமும் அடிக்குதாம். பெட்டியத் திருப்பித் தந்துட்டாங்க. பிழை என்ட கைவேலையில இல்லேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டினா ரெண்டாவது பெட்டி எடுப்பாங்களாம். இல்லாட்டி என்ட இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"அடுத்த ஆள் யாரு?" என்று பஸ்லி பாய்ந்தான்.

"பலாபத்வல டிலக்சன். மூலிகைத் தைலம் செய்றவர்."

பஸ்லி மேசையில் ஓங்கித் தட்டினான். அவனைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அனுஷியா பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு வரிசையாகச் சொக்லட் கட்டிகள் இருந்தன. இடப்பக்க வரிசை கண்ணாடிபோல மின்னியது. வலப்பக்க வரிசையில்தான் வெள்ளைப் படலம். அவள் அந்த வெள்ளையின்மேல் விரலை வைத்து மெல்லத் தேய்த்தாள். சூடு பட்ட இடத்தில் வெள்ளை மறைந்து மறுபடி கறுப்புத் தெரிந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்க அட்டையில் எண்ணெய் பட்டதுபோல ஒரு கறை. மூடியின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள்.

"இது என்ன வாசம்?" என்று கேட்டாள்.

"பூச்சி உருண்டை" என்றாள் நிஷ்மியா தயங்காமல். "சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன். என்ட அவரோட கூடப்பொறந்த மூத்தவர், புஹாரி நாநா, துணிக்கடை வச்சிருக்காரு. அங்க அலுமாரிக்கு அலுமாரி இந்த வாசம்தான். என்ட பின்னறைய துணி அடுக்கக் கேட்டாரு, நான் குடுக்கல."

பஸ்லி பெட்டிக்குள் மூக்கை நுழைத்தான். "பூச்சி உருண்டையாவது! இது தைலம் மிஸ். தடிமன் சளிக்கு நெஞ்சில பூசுற தைலம்."

அனுஷியாவும் முகர்ந்தாள். "பெட்டி அனுப்பின அன்னைக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.

"நேத்து செவ்வாய்க்கிழமை காலையில நானே பெட்டியக் கட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, ஜீவராஜ் அண்ணன்ட த்ரீவீல்ல குடுத்து அனுப்பினேன். என்ட சாமானெல்லாம் ஏத்தி இறக்குறது அவர்தான், கூடப்பொறந்தவர் மாதிரி. பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நான் குழு கூடுற மண்டபத்துக்கு பஸ்ல போனேன். நல்ல மழை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமெல்லாம் இருட்டிக் கெடந்திச்சு. ஆனா பஸ் எங்கயும் நிக்காம வந்திச்சு, ஜன்னலோரம் இடமும் கெடச்சிச்சு. பாவம் ஜீவராஜ் அண்ணன்தான், நான் போய் ரொம்ப நேரத்துக்குப் பிறகுதான் வந்தாரு. ரோட்டுல மரம் விழுந்திருந்திச்சாம்." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சின்னச் சிரிப்பு வந்தது. "மண்டபத்துல எல்லாரும் முழங்கால் வரைக்கும் சேறு. அவர் மட்டும் கழுவின கோப்பை மாதிரி சுத்தமான காலோட வந்து நிக்கிறாரு!"

அனுஷியா தலையசைத்தாள். பிறகு குழுவின் அலுவலரோடு தொலைபேசியில் பேசி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தாங்கள் கத்தியால் வெட்டும்வரை ஸ்டிக்கர் பிரியவே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். அதைக் கேட்டு பஸ்லி முகம் சுளித்தான். தன் வழக்குக்கு இடைஞ்சலாக வரும் உண்மைகளை அவனுக்குப் பிடிக்காது.

மத்தியானம் அவன் பலாபத்வலவுக்குப் போனான். டிலக்சன் ஒல்லியான, மரியாதையான பையன். அவனுடைய அறை முழுக்க அதே வாசம். "என்ட சாமான் வேற மேசையில இருந்திச்சு அண்ணே" என்றான் அவன். "அந்த மண்டபத்து ஏசிக்கு என்ட தைலமே போத்தலுக்குள்ள கட்டியாப் போச்சு. ஊத்திக் காட்ட முடியாம வெக்கமாப் போயிட்டு." பஸ்லி அதை நம்பவில்லை.

அங்கிருந்து புஹாரியின் துணிக்கடைக்குப் போனான். புஹாரிக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருந்தது. "ரூம கேட்டேன், தரல. அதுக்காகப் பிள்ளைட பொழப்புல மண்ணள்ளிப் போடுற ஆளா நான்?" என்று கத்தியவர், பூச்சி உருண்டை டப்பாவைத் தூக்கிப் பஸ்லியின் மடியில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்க!" இப்போது பஸ்லிக்கு இரண்டு குற்றவாளிகள். ஒருவர் போதுமே என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே அலுவலகம் திரும்பினான்.

வியாழக்கிழமை பின்னேரம் நிஷ்மியாவின் பின்னறையில் எல்லோரும் கூடினார்கள். கொக்கோ வாசம் நிறைந்த அந்த அறையில் புஹாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிலக்சன் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஜீவராஜ் வாசல் நிலையைப் பிடித்தபடி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றான். மேசையில் அந்தப் பெட்டி இருந்தது.

"மொதல்ல ஒரு விசயம்" என்று அனுஷியா தொடங்கினாள். "இது பூஞ்சணமே இல்ல. பூஞ்சணம்னா விரல் சூட்டுக்கு மறையாது. சொக்லட் ஒருக்கா இளகி, தன்பாட்டுல திரும்ப இறுகினா, அதுல உள்ள கொழுப்பு மேல வந்து இப்படி வெள்ளையாப் படியும். நிஷ்மியாட கைவேலையில ஒரு குறையும் இல்ல. எங்கயோ சூடு பட்டிருக்கு. அது எங்க?"

"வெயில்ல நிப்பாட்டின த்ரீவீல்!" என்றான் பஸ்லி.

"அன்னைக்கு எங்க வெயில் அடிச்சது?"

"அப்ப என்ஜின் சூடு."

"என்ஜின் சூடு கீழ இருந்து வரும். ரெண்டு வரிசையும் இளகியிருக்கணும். இதுல வலப்பக்கம் மட்டுந்தான். பெட்டிக்குப் பக்கத்துல, அதே உயரத்துல, கொஞ்ச நேரம் ஏதோ எரிஞ்சிருக்கு. மண்டபத்துல அது நடக்கல. அங்க தைலமே கட்டியாகுற குளிரு. அதனால டிலக்சன் இல்ல." டிலக்சன் நிம்மதியாக மூச்சு விட்டான். "புஹாரி நாநாவும் இல்ல. பூச்சி உருண்டை வாசம் குடுக்கும், சூடு குடுக்காது. அதோட ஸ்டிக்கர் பிரியவே இல்ல. யாரும் உள்ள ஒண்ணும் போடல. வாசம் வெளியே இருந்து அட்டைக்குள்ளால போயிருக்கு. சொக்லட் பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்தை இழுத்துக்கும்."

"அப்ப அது என்ன வாசம்?" என்றாள் நிஷ்மியா.

"நீங்க பூச்சி உருண்டைன்னீங்க, பஸ்லி தைலம்னாரு. அவங்கவங்க மூக்குக்கு அவங்கவங்க பழகின வாசம். எனக்குச் சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச வாசம் வேற." அனுஷியாவின் குரல் இன்னும் மெதுவாகியது. "பக்கத்துல எரிஞ்ச நெருப்பு, எண்ணெய்க் கறை, மடிப்புல சாம்பல் தூள். சேத்து மழையில கழுவின காலு. பஸ் சுகமா வந்த அதே ரோட்டுல, ஒருத்தருக்கு மட்டும் விழுந்த மரம். கிழமை செவ்வாய்க்கிழமை. ஜீவராஜ், நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

தன் சந்தேகப் பட்டியலில் ஜீவராஜ் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் பஸ்லிக்கு உறைத்தது. ஜீவராஜ் நிலையை விட்டுவிட்டு ஒரு அடி உள்ளே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மாரியம்மன் கோயிலுங்க. வர்ற வழியில, எங்க தோட்டத்துல இருக்கிறது" என்றான். "தங்கச்சி எத்தனை மாசமா இதுக்காகக் கஷ்டப்படுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். காலக் கழுவிட்டு உள்ள போயி, பெட்டிய ஆத்தா காலடியில வச்சி ஒரு அர்ச்சனை பண்ணிருவோம்னு நெனச்சேன். செவ்வாய்க்கிழமைங்கிறதால கூட்டம். பூசாரி பெட்டிய குத்துவிளக்குக்குப் பக்கத்துல வச்சிட்டாரு. சூடத்தட்டும் அங்கதான் எரிஞ்சிச்சு, அந்த வாசம்தான் ஏறியிருக்கும். பூசை முடியிற வரைக்கும் எடுக்க முடியல. திருநீறு குடுத்தாங்க, அத அட்டைமேல ஒரு சிட்டிகை தூவிட்டு அப்புறம் தொடச்சிட்டேன். இளகும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல அண்ணே?" என்றாள் நிஷ்மியா.

"எப்படிச் சொல்றது? நீங்க அஞ்சு வேளை தொழுவுறவங்க. உங்க சாமான உங்ககிட்ட கேக்காம கோயிலுக்குக் கொண்டுபோனேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவீங்க. அதுக்குப் பிறகு என் முகத்துலயே முழிக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

நிஷ்மியா முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்காம கொண்டுபோனது பிழைதான்" என்றாள் கடைசியில். "ஆனா உங்கட மகள் டெங்குக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நான் எங்கட பெரியவர் அடங்கின ஸியாரத்துக்குப் போய், ஏழைகளுக்குக் கந்தூரிச் சோறு ஆக்கிப் போடுறதா நேர்ந்தேன். உங்ககிட்ட கேட்டா நேர்ந்தேன்? இன்னைக்கு வரைக்கும் சொல்லக்கூட இல்ல."

ஜீவராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். காப்புறுதி விற்ற காலத்தில் எத்தனை அழுகையைக் கண்டும் கலங்காத பஸ்லி, தூசி விழுந்ததுபோலக் கண்ணைத் தேய்த்தான்.

முதலில் தொண்டையைச் செருமியவர் புஹாரி. "எல்லாம் சரி. என்னைக் கள்ளன்னு நெனச்சதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தான் நாநா" என்றாள் நிஷ்மியா தலைகுனிந்து. "மன்னிச்சிக்கங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். அந்தக் குழு பாதிதானே தருது? மத்தப் பாதிக்கு என்ன செய்யப்போற?"

அதுதான் அனுஷியாவை இரவெல்லாம் விழிக்க வைத்த கேள்வி. ஹோட்டல்காரர்களிடம் முன்பணம் கேட்கலாம், வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கத்துக்கு எழுதலாம் என்று அவள் அடுக்கத் தொடங்கினாள். புஹாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் இதை ஏதோ பொம்புளப் பிள்ளைங்க பொழுதுபோக்குன்னு நெனச்சிட்டேன். கண்டியிலிருந்து ஒரு குழு வந்து குந்தி ருசி பாக்குதுன்னா விசயம் இருக்கு. பாதிய நான் போடுறேன். வட்டி இல்ல. லாபம் வந்தா லாபத்துல பங்கு, நட்டம் வந்தா நட்டத்துலயும் பங்கு. ரூமும் வேணாம்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல நாநா?" என்று கேட்டான் பஸ்லி.

"யாரு கேட்டா?"

அனுஷியா நெற்றியில் தட்டிக்கொண்டாள். ஊரெல்லாம் பணத்தைத் துப்பறிந்தவள் நிஷ்மியாவின் குடும்பத்துக்குள்ளேயே விசாரிக்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வெட்கத்தை மறைக்க டிலக்சன் பக்கம் திரும்பி, "தைலத்துக்கு இந்த மானியத்தைவிடப் பொருத்தமான ஒண்ணு இருக்கு தம்பி. மூலிகை ஏற்றுமதிக்குன்னு வேற ஒரு நிதி திறக்கப்போகுது. திங்கட்கிழமை ஒஃபிசுக்கு வாங்க" என்றாள். அவன் முகம் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே குழுவுக்கு விளக்கம் போய்ச் சேர்ந்தது. நடந்ததை அனுஷியா மறைக்காமல் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். ஒரு குத்துவிளக்கின் சூட்டுக்கே இளகிப்போகும் பொருளுக்குக் குளிர் அறை எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அலுவலர் வாசித்துவிட்டுச் சிரித்தார் என்று கேள்வி. இரண்டாவது பெட்டிக்கு அனுமதி கிடைத்தது.

திங்கட்கிழமை நிஷ்மியா புதிய பெட்டியைக் கட்டினாள். "நானே பைக்ல கொண்டுபோறேன்" என்று பஸ்லி எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. ஜீவராஜைக் கூப்பிட்டு அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"நேரா மண்டபத்துக்குப் போங்க அண்ணே. எங்கயும் நிக்க வேணாம்" என்றாள். "குடுத்து முடிச்சிட்டு, பிறகு கோயிலுக்குப் போங்க. நான் இங்க ரெண்டு ரக்அத் தொழுவுறேன்."

மறுவாரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பேசி வைத்த அனுஷியா, "கெடச்சிருச்சு பஸ்லி" என்று மட்டும் சொன்னாள். பஸ்லி போட்ட கூச்சலுக்குக் கீழே கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நிஷ்மியாவுக்குச் சொல்வதற்காக அவன் பைக்கை எடுத்துக்கொண்டு யட்டவத்தைக்குப் பறந்தான். வழியில், தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் பழக்கமான த்ரீவீல் நின்றது. குழாயடியில் ஜீவராஜ் கால் கழுவிக்கொண்டிருந்தான். குழு நிஷ்மியாவுக்கும் சொல்லி, அவள் முந்திக்கொண்டு அவனுக்குச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. இந்த முறை அவன் கையில் பெட்டி இல்லை, ஒரு தேங்காய் மட்டும்தான் இருந்தது.