அறுந்த சுருளின் அளவு

மீட்டர் ஏழரை கிலோ ஓம் காட்டியது. வரக் கூடாத அளவு. கிதாரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்திருந்த, தந்திகளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப்பின் செப்புச் சுருள் அறுந்திருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியின் இரண்டு நுனிகளும் தனித்தனியாக நிற்பதை அவர் லென்ஸ் வைத்தே பார்த்துவிட்டார். அறுந்த சுருளுக்கு அளவு ஏது? இருபத்தாறு வருஷம் மின்மீட்டர்களைச் சோதித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரியாயிடுமாங்க?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"பாக்கறேன்."

மகள் போய் இரண்டு மாதம். கிதாரை அவளுடைய தோழிக்குக் கொடுத்துவிடலாம் என்றவள் மனைவிதான். கொடுப்பதைப் பாடுகிற நிலையில் கொடுக்க வேண்டுமாம்.

பிக்அப்பின் இரண்டு ஒயர்களையும் பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கரில் பற்றவைத்தார். ஜன்னல் வெயிலில் ஈயப் பற்றின் புகை மெதுவாகச் சுழன்றது; உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம்; அதற்கெல்லாம் அடியில், ஸ்பீக்கரிலிருந்து, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல மெல்லிய மூச்சு வந்தது. சுருள் தளர்ந்தால் பிக்அப் மைக் மாதிரி அறையின் சத்தத்தைப் பிடிக்கும். தன்னுடைய மூச்சாகத்தான் இருக்கும். அவர் மூச்சை அடக்கினார்.

அது நிற்கவில்லை.

பேட்டரியைக் கழற்றினார். அப்போதும் நிற்கவில்லை.

"அப்பா."

நின்றுவிடுமோ என்றுதான் முதலில் பயந்தார்.

"இரைச்சல் போயிடுச்சுப்பா. தேங்க்ஸ்."

அவள் கடைசியாக அவரிடம் சொன்னது அதுதான். ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் இரைகிறது என்று அவள் சிணுங்கியபோது, ஷாக்கைத் தடுக்கும் அதன் எர்த் ஒயரை வெட்டிவிட்டவர் அவர். செய்யாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் காரியம். அன்று சாயங்காலமே தந்திகளைத் தொட்டவள் கையை எடுக்கவே இல்லை. வீட்டு ஒயரிங் பழசு என்று மனைவியிடம் சொன்னார். அவளும் நம்பினாள்.

"யாருங்க பேசினது?"

ஈரக் கையோடு மனைவி வாசலில் நின்றாள். அவர் வாய் திறப்பதற்குள் வந்து, ஒயர்களை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி, பிக்அப்பைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு. அம்மாதான்."

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு சிரிப்பு. தலையாட்டினாள். மறுபடி தலையாட்டினாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

"எனக்குச் சொல்லிட்டா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "மீதியை உங்ககிட்டதான் சொல்லுவாளாம்."

தோல் உரித்த இரண்டு ஒயர் முனைகளையும் அவரிடம் நீட்டினாள். எதிலும் இணைக்காத ஒயர்கள். அவற்றைப் பற்றியிருந்த அவள் விரல்நுனிகள் வெளுத்து, பழுத்து, கருகத் தொடங்கியிருந்தன. முடி பொசுங்கும் நாற்றம். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"பிடிங்க. குழந்தை காத்துட்டிருக்கா."