கழுத்தில் எழுந்த கட்டம்

முகம் கழுவித் துண்டால் ஒற்றியபோது விருத்தாம்பாளுக்குக் கழுத்தின் இடப்பக்கம் சுரீரென்றது. கண்ணாடியில் பார்த்தாள். சிவப்பாக ஒரு கட்டம். நான்கு ஓரங்களும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராக இருந்தன.

அந்தக் கட்டத்தை அவளுக்குத் தெரியும். சென்னை ஆஸ்பத்திரியில், கழுத்துக் கட்டியை எரிக்கக் கதிர் மெஷினில் கரண்டு வைக்கும் முன்னால், அதே இடத்தில் ஊதா மையால் வரைந்திருந்தார்கள். தோல் கருகி உரிந்து புதுத்தோலும் வந்தாயிற்று. கட்டி கரைந்துவிட்டது என்று சொல்லிக் கணவன் கோவிந்தராசு அவளை ஊருக்கு அழைத்து வந்து நான்கு மாதம் ஆகிறது. விருத்தாசலத்தில் அந்த மெஷின் கிடையாது.

"ஏங்க, இதப் பாருங்க."

அவன் பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவன். உள்ளே சாமான் எவ்வளவு வெந்திருக்கிறது என்று சூளைத் துளையில் பார்ப்பதுபோல, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அடுப்பு அனலு பட்டிருக்கும். வுடு புள்ள."

அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் சாமிதுரை போன வாரம்போலவே சத்து ஊசி போட வந்தார். புட்டியின் லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. மஞ்சள் மருந்து.

"ரெண்டாவது ஊசிம்மா. அடுத்த மாசம் ஊட்டுக்காரர நீங்க தூக்கிட்டு நடப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை கட்டம் தடித்துப் பளபளத்தது. தலையணையில் தீய்ந்த மயிரின் வாடை வீசியது. கழுத்தில் போட்ட ஈரத்துணி, தெருவில் ஒரு மாட்டுவண்டி கடந்து போவதற்குள் காய்ந்து மொரமொரத்தது.

அடுத்த வெள்ளி. வாசலில் சைக்கிளை நிறுத்திய சாமிதுரையின் தணிந்த குரல் சன்னல் வழியே கேட்டது.

"அங்க கரண்டோட சேத்துப் போட்ட அதே மருந்துதானே இது? புத்துநோய எளக்கி வச்சா கரண்டு நல்லா எரிக்கும்னு போடறது. இப்ப கரண்டு வைக்காமயே எரியுதேப்பா."

"இன்னும் இருக்குதுன்னு பெரிய டாக்டரு எழுதிக் குடுத்தாரு. புத்துன்னே அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா பயத்துலயே பூடுவா. நீங்க போடுங்க," என்றது கோவிந்தராசின் குரல்.

கட்டி கரைந்ததற்காகப் பழமலைநாதர் கோயிலில் அவள் தேங்காய் உடைத்தபோது, பக்கத்தில் கைகூப்பி நின்றவன்.

உள்ளே வந்தார்கள்.

"எனக்கு வேணாங்க."

"இது ஒண்ணுதான். கைய நீட்டு."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஊசி நரம்பில் இறங்கியது. பாதி மருந்து ஏறியிருக்கும். விளக்கு அணைந்தது.

"அசையாதீங்கம்மா."

இருட்டு. தெருவே இருட்டு. யாரும் தீப்பெட்டி தேடவில்லை.

அவளுக்குக் கணவனின் முகம் தெரிந்தது. முதலில் தாடை. பிறகு மூக்கின் அடிப்பக்கம். சிவப்பாக. வெளிச்சம் அவளிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து.

அவனும் பார்த்தான். பிடி தளரவில்லை.

"மீதியையும் ஏத்துங்க," என்றான்.

சாமிதுரை ஊசிக்குழலை அவள் கழுத்துப் பக்கமாகச் சாய்த்து, அந்த வெளிச்சத்தில் அளவுக்கோட்டைப் படித்தார்.