சம்மனசுக்கு விட்ட இடம்

எர்ணாவூரில் துடைப்பத்துக்கு ஓய்வு கிடையாது. காலையில் பெருக்கித் தள்ளினால் மத்தியானத்துக்குள் சாம்பல் மறுபடி வந்து சட்டமாக உட்கார்ந்துவிடும். தூரத்துப் புகைபோக்கிகளிலிருந்து வருகிற சாம்பல், மாவு மாதிரி மெல்லியது, ஜன்னலைச் சாத்தினாலும் அடங்காது. கஸ்பாரும் ஐரீனும் ஏழு வயது மகள் சாராவோடு அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, பூட்டைத் திறந்ததும் தரை முழுக்க அதுதான் கிடந்தது.

"இன்னாமே, வூட்டுக்கே விபூதி புதன் வெச்சுட்டாங்களா?" என்று, கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் பூசும் நாளைச் சொல்லிச் சிரித்தான் கஸ்பார். ராயபுரத்தில் அவர்கள் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவனுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறு இடம் அகப்படவில்லை. கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே வண்டிக்குப் போய்விட்டான்.

சாராவுக்குப் பிறந்ததிலிருந்தே வீசிங். வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அந்தக் கட்டில். ஐரீன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். சூடு கண்ட பூனை அவள். மூத்தவன் ஜெரி ஒன்பது மாதத்தில் இதே மூச்சு முட்டித்தான் போனான். வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் பூமுடி வைத்து, சின்னப் பெட்டியில் கிடத்தியபோது தெருவே வந்து சொன்னது: "அழாதம்மா, புள்ள சம்மனசா பூட்டான்." பிள்ளை தேவதூதனாகிவிட்டான் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐரீன் பத்து வருஷம் உயிரோடு இருந்தாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் படுக்கும்போது சுவரோரமாக ஒண்டிக்கொள்ள வேண்டும். வலப்பக்கம் காவல் சம்மனசுக்கு இடம் விட வேண்டும். ஒவ்வொரு ஆத்துமாவுக்கும் ஆண்டவர் ஒரு சம்மனசைக் காவலுக்கு வைத்திருக்கிறார், பிறந்ததிலிருந்து கடைசி மூச்சுவரை அது கூடவே நிற்கும் என்று சாராவும் கோயிலின் மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தாள்.

"எஞ்சம்மனசுக்குப் பேரு இன்னாம்மா?"

ஐரீன் யோசிக்கவே இல்லை. "ஜெரி. உங்கண்ணன்தான். கூப்ட்டா வருவான்."

சாரா கூப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானம் விரிப்பை உதறப் போன ஐரீன் அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் முழுக்கச் சாம்பல். சாரா விட்டிருந்த இடத்தில் மட்டும் ஒரு துளிகூட இல்லை. கைக்குழந்தை ஒன்று படுத்து எழுந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு.

அலறியிருக்க வேண்டியவள் ஆனந்தப்பட்டாள். என்ன செய்வது, பெற்ற வயிறு. விரல்கூடப் படாமல் மண்டியிட்டு அழுதாள். அன்றிலிருந்து தினமும் பெயர் சொல்லிப் பேசினாள். "தங்கச்சிய பாத்துக்கோடா கண்ணு," என்று கெஞ்சினாள்.

இடம் வளர்ந்தது.

ஒரு வாரத்தில் சாராவின் உயரம் ஆனது. அடுத்த வாரம் ஐரீனின் உயரம். பிறகு கட்டில் கொள்ளாமல் தரையில் இறங்கி, கதவுவரை நீண்டது. சாராவின் இளைப்பு மட்டும் குறையவில்லை. வீட்டுக்குள் ஒரு வாடை வந்து தங்கியது. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் இரும்பு அறுக்கும்போது வருமே, அந்தக் கருகல். காற்றே அசையாத பட்டப்பகலில், கட்டிலுக்கு மேலே லாரித் தார்ப்பாய் படபடப்பது போல ஒரு சத்தம் கேட்கும். நிற்கும். மறுபடி கேட்கும்.

கஸ்பாரின் அக்கா டெபோரா ராயபுரத்தில் கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருகிறவள். ஒரு மத்தியானம் சாராவைப் பார்க்க பன் வாங்கிக்கொண்டு வந்தவள், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஐரீன் பெருமையோடு கட்டிலைக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி. ஜெரி வந்துகீறான்."

டெபோரா வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரு வெச்சுக் கூப்ட்டியா?" என்றாள்.

"எம்புள்ள பேருதானே அண்ணி."

"மனுசன் செத்தா சம்மனசு ஆவ மாட்டான், ஐரீன். அது வேற படைப்பு. அதுக்கு ஒடம்பு கெடையாது. பொறக்காது, வளராது. சாவு வூட்ல நாலு பேரு ஆறுதலுக்கு சொல்ற பேச்ச நெசம்னு நம்பிக்கினு கீறியா? மிக்கேல், கபிரியேல், ரபேல், இந்த மூணு பேரத்தான் நம்ம கோயில்ல சொல்றோம். மத்த சம்மனசுங்களுக்கு நாம பேரு வெக்கக் கூடாது. நீ வெச்ச பேருக்கு எவன் வந்து நிக்கிறான்னு உனக்கு இன்னா தெரியும்?"

ஐரீனின் பார்வை கதவுவரை நீண்டிருந்த அந்தச் சுத்தமான தரைக்குப் போனது. "நல்லதா இருக்கக் கூடாதா அண்ணி?"

"மாதா கிட்ட வந்த சம்மனசு 'அஞ்சாதே'ன்னு சொல்லிச்சு. ஆடு மேய்ச்சவங்க கிட்டயும் அதான் சொல்லிச்சு. இது இன்னா சொல்லிச்சு?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அது எங்கிட்ட பேசாது அத்த." சாரா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள். "எண்ணிக்கினே இருக்கும்."

"எத்தடி கண்ணு?"

"எம்மூச்ச. மொதல்ல பெரிய பெரிய நம்பரு. இப்பல்லாம் சின்னது."

டெபோரா பாய்ந்து சாராவை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "போவச் சொல்லு! கூப்ட்டவ நீ. 'நீ ஜெரி இல்ல'ன்னு உன் வாயால சொல்லு!"

ஐரீன் வாயைத் திறந்தாள்.

சொன்னால் ஜெரி போய்விடுவான். பத்து வருஷமாக எங்கேயோ இருக்கிறவன், அவள் வாயாலேயே இன்றைக்குச் செத்துப்போவான். எந்தத் தாய்க்கு வரும் அந்த வார்த்தை? ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் தயங்கினாள்.

தார்ப்பாய் படபடத்துக்கொண்டே இருந்தது.

பிறகு சொன்னாள். "நீ எம்புள்ள இல்ல. போ."

சத்தம் நின்றது. வாடை போனது. கட்டிலின் மேலும் தரையின் மேலும் சாம்பல் மெதுவாக இறங்கி எல்லா இடத்தையும் ஒன்றுபோல மூடியது.

டெபோராவின் தோளில் சாராவின் மூச்சும் நின்றிருந்தது.

மறுபடி வெள்ளை உடை, மறுபடி பூமுடி. கல்லறையில் யாரும் அந்த ஆறுதல் வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது என்று டெபோரா ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டாள். தம்பியிடம் சொல்ல மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. அழுது அழுது அரை உயிராகக் கிடந்தவனிடம் எதைச் சொல்வது?

மூன்றாம் நாள் மத்தியானம் கஸ்பார் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஐரீன் தரையில். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. துடைப்பத்தை யாரும் தொடவில்லை.

"அழாதமே," என்றான், தானும் அழுதுகொண்டே. "நம்ம புள்ள எங்கயும் போவல. சம்மனசா நம்ம கூடவேதான் கீது. இன்னா சாரா, அப்பா சொல்றது சரிதானே?"

ஐரீன் எழுந்து ஓடி அவன் வாயைப் பொத்தினாள். அதற்குள் பெயர் வெளியே வந்துவிட்டது.

கட்டிலில், அவன் கைக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் விலகியது.

கஸ்பார் அதைக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் போனான்.

அது சாரா இல்லை. டெபோரா சொன்னதெல்லாம் ஐரீனுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருந்தது. இப்போதே, இது சின்னதாக இருக்கும்போதே, போ என்று சொல்லிவிடலாம் என்பதும் தெரிந்திருந்தது.

அவள் சொல்லவில்லை. கட்டிலில் ஏறினாள். சுவரோரமாக ஒண்டிப் படுத்து, வலப்பக்கம் இடம் விட்டாள்.

மேலே தார்ப்பாய் படபடத்தது. அவள் காதோரத்தில் ஒரு குரல், பெரிய எண் ஒன்றிலிருந்து, நிதானமாகக் கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தது.