ஐந்தாம் பத்து வீட்டுக்காரர்களுக்கு

திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கியதும் கஸ்பார் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தான். "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல மேரி. பேசாம அண்ணன் வீட்டுக்கே போயிருவோமா?"

"நாகல் நகர்" என்றாள் ஜெயமேரி. கணவனிடம் அல்ல, ஆட்டோக்காரரிடம்.

அந்த ஒரு பதிலைச் சொல்ல அவளுக்குப் பல வருடங்கள் பிடித்திருந்தன. கல்யாணமாகி ஆவடிக்குப் போனதிலிருந்து, காலாண்டு விடுமுறை விட்டால் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள். வந்தால் ரெட்டியார்சத்திரத்தில் கஸ்பாரின் அண்ணன் பிராங்கிளின் வீடுதான். தோட்டம், கிணறு, மாமரம் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குக் கும்மாளம், கஸ்பாருக்குச் சீட்டாட்டம், ஜெயமேரிக்கு அடுப்படி. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவளும் ஓரகத்தி கிளாராவும் வடித்துக் கொட்டுவார்கள். மலைக்கோட்டையை அவள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. போன வருடம் ஆவடிக்குத் திரும்பும்போது, மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளத்தை ஊதிக்கொண்டே ரயிலில் உட்கார்ந்து சொன்னாள்: "அடுத்த தடவை தங்குற எடத்த நான் பாக்குறேன்."

சொன்னபடி பார்க்கவும் செய்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் என்றால் மூட்டைப்பூச்சியும் இரவெல்லாம் ஹாரன் சத்தமும். மலையடிவாரத்தில் கஸ்பாருக்குத் தூரத்துச் சொந்தம் இருந்தது. சொந்தம் என்றால் மறுபடி அடுப்படி. கடைசியில் ஆவடியில் பக்கத்து வீட்டு ஃபர்ஹீன்தான் வழி காட்டினாள். நாகல் நகரில் அவளைப் பெற்ற அத்தா சாகுல் ஹமீதுக்குச் சொந்தமாக, அவர்கள் வீட்டை ஒட்டியே இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. கடைத்தெரு பக்கம், வாசலிலேயே ஆட்டோ கிடைக்கும், கேட்பார் யாருமில்லை. ஜெயமேரி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

வீடு சின்னதுதான். முன்னால் ஒரு ஹால், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஓர் அறை, மேலே மொட்டை மாடி. ஃபர்ஹீனின் அம்மா கமர்ஜஹான் வாய் நிறையச் சிரித்தபடி சாவியை நீட்டினார். "எது வேணும்னாலும் செவத்தத் தட்டுங்க மேரிம்மா, ஓடியாந்துருவேன். பின்னறையில டீச்சரம்மா சாமான் கொஞ்சம் கெடக்கு. அத மட்டும் அசைக்க வேணாம்."

"எந்த டீச்சரம்மா?"

"அமலராணி டீச்சர். உங்க ஆளுகதான். ரொம்ப காலம் இங்கதான் குடியிருந்தாங்க. மவுத்தாகிட்டாங்க."

செத்தவர்கள் இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஜெயமேரி சாவியை வாங்கினாள்.

அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். சாயங்காலம் மகள் பிரிஸ்கில்லாவையும் மகன் ரொனால்டையும் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டை ஏறினாள். உச்சியில் காற்று புடவையைப் பிடுங்கியது. ஊர் முழுவதும் காலடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, இருட்டுகிற வரை இறங்க மனமில்லாமல் நின்றாள்.

வீடு திரும்பியதும் செபமாலைக்கு முழந்தாளிட்டார்கள். எங்கே இருந்தாலும் அவர்கள் வீட்டில் அந்தியில் செபமாலை தவறாது. அதிலும் அக்டோபர், மாதாவின் செபமாலை மாதம்.

செபமாலையில் ஐந்து பத்து உண்டு. ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னின்று நடத்துவார். அவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சேர்ந்து சொல்வார்கள். ஆவடியில் அந்த மாதம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் செபமாலை சொல்வது வழக்கம். வந்தவர்கள் நான்கு பத்தைச் சொல்லிவிட்டு, மரியாதையாக ஐந்தாவதை அந்த வீட்டுக்காரர்களிடம் விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு முதல் பத்து கஸ்பார், அடுத்தது ஜெயமேரி, அப்புறம் ரொனால்டு, நான்காவது பிரிஸ்கில்லா. அதை முடித்ததும் பழக்கதோஷத்தில் அந்தப் பெண் கண்ணை மூடியபடியே சொல்லிவிட்டாள்.

"அஞ்சாம் பத்து வீட்டுக்காரங்க சொல்லுங்க."

கஸ்பார் சிரித்துவிட்டான். "லூசு, இங்க ஏது வீட்டுக்காரங்க..."

அவன் முடிக்கவில்லை.

பேய் வர வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்றெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு டியூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

பின்னறையிலிருந்து ஒரு பெண்குரல் செபத்தைத் தொடங்கியது.

வயதான குரல். ஆனால் நடுக்கமில்லாத குரல், வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. இப்போது யாரும் சொல்லாத பழைய வார்த்தைகளில், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பித்து முதல் பாதியைச் சொல்லி முடித்தது.

முடித்துவிட்டுக் காத்திருந்தது.

பாதித் தூக்கத்தில் இருந்த ரொனால்டு, அம்மா சொல்கிறாள் என்று நினைத்து மறுபாதியைச் சொன்னான்.

குரல் மறுபடி தொடங்கியது.

நிறுத்தச் சொல்லலாம் என்று ஜெயமேரி வாயைத் திறந்தாள். வந்தது செபம்தான். பதில் சொல்லாமல் விட்டால் அது பதிலைத் தேடி ஹாலுக்கே வந்துவிடுமோ என்ற பயத்தில் நான்கு பேரும் பத்து முறையும் மறுபாதியைச் சொன்னார்கள். முடிந்தபோது, யாருமே மெழுகுவர்த்தி ஏற்றாத அந்த வீட்டில், அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் வந்தது.

கஸ்பார் பின்னறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு பிரம்பு நாற்காலி. தரையில் வருடக்கணக்கான தூசி அப்படியே படிந்திருந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

பிள்ளைகளை ஹாலில் தங்களுக்கு நடுவில் படுக்கவைத்துவிட்டு இருவரும் கிசுகிசுத்தார்கள்.

"விடிஞ்சதும் கெளம்புறோம்."

"எங்க?"

"வேற எங்க? அண்ணன் வீட்டுக்கு."

"நான் வரல."

"பேய் இருக்குடி இங்க!"

"இருந்துட்டுப் போகட்டும். அது என்னைய சோறு வடிச்சு வெஞ்சனம் வைக்கச் சொல்லலையே."

சொல்லிவிட்டாளே தவிர, பின்னறைக் கதவைப் பார்க்காமலிருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது போனால், இனி ஒவ்வொரு வருடமும், "ஓம் பேச்சக் கேட்டுப் போய்த்தான பேயடிச்சுது" என்பார்கள். அப்புறம் சாகிற வரைக்கும் ரெட்டியார்சத்திரத்து அடுப்படிதான். அதை நினைத்தபோது பேயின் மீதான பயம் ஒரு மாற்றுக் குறைந்தது.

காலையில் கமர்ஜஹானிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அல்லா! இதுவர எந்தத் தொந்தரவும் இல்லையே மேரிம்மா. டீச்சரம்மாவுக்குப் பொறவு ரெண்டு குடும்பம் இருந்துச்சு. ஆனா அவுக யாரும் செபம் படிக்கிறவுக இல்ல."

"எப்படிப்பட்டவங்க அவங்க?"

"தங்கமானவங்க. கல்யாணம் கட்டல. லீவு விட்டா தம்பி வீட்டுக்குப் போவாங்க. போயி அம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டு, எளச்சுப்போயி வருவாங்க. ஒரு வருசம் போகலன்னுட்டாங்க. தம்பி வண்டி எடுத்துட்டு வந்து கூப்புட்டாரு, சத்தம் போட்டாரு. கதவச் சாத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் எட்டிப் பாக்கல. அந்திக்குத் தனியா உக்காந்து, கேள்வியும் அவங்களே பதிலும் அவங்களேன்னு படிக்கிறது எங்க செவத்துல கேக்கும். கேக்கப் பாவமா இருக்கும்." கமர்ஜஹான் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீங்களாத்தான் கூப்புட்டீங்களோ அவங்கள?"

"வீட்டுக்காரங்க சொல்லுங்க" என்று பிரிஸ்கில்லா சொன்னது ஜெயமேரிக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டதுதானே.

இதற்குள் கஸ்பார் டெலிபோன் பூத்துக்குப் போய்விட்டு வந்திருந்தான். சாயங்காலம் பிராங்கிளின் வேன் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படியே.

"ஏலே கஸ்பார், பெட்டிய எடு. நான் அப்பவே சொன்னேன்ல, ஊர் பேர் தெரியாத வீட்டுல எல்லாம் தங்கக் கூடாதுன்னு! ஏம்மா மேரி, கிளாரா ஒத்தையா அடுப்படியில கெடந்து சாகுறா. நாளைக்கு வேற பத்துப் பேரு விருந்தாளி. கெளம்பு கெளம்பு."

"செபமாலை சொல்லிட்டுப் பேசுவோம் அத்தான்."

"அங்க போயிச் சொல்லிக்கலாம்."

"நான் இங்கதான் சொல்லுவேன்" என்று ஜெயமேரி முழந்தாளிட்டாள். பிள்ளைகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செபத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாமல் பிராங்கிளினும் முனகிக்கொண்டே முழங்காலை மடக்கினார். வேகவேகமாக நான்கு பத்து முடிந்தது.

"அஞ்சாவத நான் சொல்றேன்" என்றார் பிராங்கிளின். "மூத்தவன் நான்தான. முடிச்சிட்டு வண்டியில ஏறுங்க."

அவர் வாயைத் திறந்தார்.

பின்னறையில் பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

உட்கார்ந்திருந்த யாரோ எழுந்திருக்கும் சத்தம்.

அப்புறம் அதே குரல், செபத்தின் முதல் சொல்லை எடுத்தது.

பிராங்கிளினின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கஸ்பார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டான். பின்னறைக் கதவு மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. உள்ளே இருட்டுதான் தெரிந்தது. மெழுகு வாசம் குப்பென்று அடித்தது.

ஒரு பக்கம் அந்த இருட்டு. இன்னொரு பக்கம் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வேன். இரண்டையும் ஜெயமேரி பார்த்தாள். பிறகு இருட்டின் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"டீச்சர்!"

குரல் நின்றது.

"செத்த பொறுங்க டீச்சர். உங்களுக்கு மரியாத இல்லாமச் சொல்லல. ஆனா இந்த ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரி நான். இவரு இல்ல, நீங்களும் இல்ல. அஞ்சாம் பத்து என்னோடது. நான் சொல்றேன், நீங்க பதில் சொல்லுங்க."

ஜெயமேரி கண்ணை மூடாமல், அந்த இருட்டைப் பார்த்தபடியே முதல் பாதியைச் சொன்னாள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. சொல்லி முடித்தாள்.

மறுபாதி வந்தது. பின்னறையிலிருந்து அல்ல, பிராங்கிளினின் காதோரத்திலிருந்து.

அவ்வளவு பெரிய மனிதர் எப்படி எழுந்தார், எப்படி வாசலைத் தாண்டினார் என்று யாரும் பார்க்கவில்லை. வேன் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. கஸ்பார் போகவில்லை. பயத்தில் பல் கிட்டிக்கொள்ள, பிள்ளைகளைப் பிடித்தபடி அங்கேயே இருந்தான். மிச்சம் ஒன்பதையும் ஜெயமேரி சொன்னாள், டீச்சர் பதில் சொன்னார். கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்: "நாளைக்குக் கொடைக்கானலுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு விசாரிச்சிட்டு வாங்க."

அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தார்கள். அந்தியில் ஐந்தாம் பத்தை அவள்தான் சொன்னாள். கஸ்பார் முதலில் வாசலுக்கு வெளியே நின்றான், பிறகு வாசற்படியில், கடைசி நாள் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ரெட்டியார்சத்திரத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

ஆவடிக்கு வந்த பிறகு ஒரே ஒரு தொல்லை. நாள் முழுவதும் நன்றாக இருக்கும் ஜெயமேரியின் குரல், செபமாலையில் ஐந்தாம் பத்து வந்ததும் அடைத்துக்கொண்டது. உதடு அசையும், சத்தம் வராது. பத்து முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். தண்ணீர் மாறினதுதான் என்று அவள் மிளகுப்பால் குடித்துப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபர்ஹீன் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அம்மா போன் பண்ணாங்க. நாகல் நகர் வீடு பூட்டித்தான் கெடக்கு. ஆனா தெனம் அந்திக்கு உள்ள ரெண்டு பேரு செபம் படிக்கிற சத்தம் கேக்குதாம். ஒண்ணு டீச்சரம்மா."

"இன்னொண்ணு?"

"உங்க குரலாம்க்கா. அத்தாவும் கேட்டாராம். நீங்களேதானாம்."

ஜெயமேரி தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் பிரிஸ்கில்லா பாயை விரிக்கும் சத்தம் கேட்டது.

"அதுல மொதப் பாதிய யாரு சொல்றாங்களாம்?"

"நீங்கதானாம். டீச்சரம்மா பதில்தான் சொல்றாங்களாம்."

ஜெயமேரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள்.