ஏழாவது நுரை வளையம்

கல்லறைத் திருநாள். காலை 10.40.

நோட்டரி வாலேர் பூட்டைத் திறந்தார். நான்கு பேர் உள்ளே போனார்கள். போன வேகத்தில் அப்படியே நின்றார்கள்.

ரெமி கப்பெலின் நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பை காலியாக இருந்தது.

முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன் அது நிறைந்திருந்தது. அவருடைய மகள் வால்பர்கா தன் கையால் ஊற்றிய பீர். நுரை மூன்று விரல் உயரம் எழுந்து நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். இப்போது அந்த நுரை கண்ணாடியின் உட்புறத்தில் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. ஹாப்ஸ் தோட்டக்காரர் அஹீல் விரலை நீட்டி எண்ணினார்.

"ஏழு." விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ரெமி எப்பவும் ஏழே மடக்குலதான் முடிப்பான்."

ரெமி பிப்ரவரியில் இறந்துபோனவர்.

கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு மதிப்பெண் அட்டை சாய்வாகக் கிடந்தது. அதில் ரெமியின் கோணல் எழுத்து. *நூற்றுக்கு 94. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.*

அஹீல் சிலுவை போட்டுக்கொண்டார். வால்பர்கா சுவரைப் பிடித்தாள். அவளுடைய அண்ணன் ஈவோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

போப்பரிங்க ஊருக்கு மேற்கே, ஹாப்ஸ் கொடி ஏறும் கம்பங்களுக்கு நடுவே இருக்கிறது கப்பெல் பீர்ச்சாலை. ருசி பார்க்கிற அறை பழைய சூளை வீட்டின் கீழ்த்தளம். அந்தக் காலத்தில் கீழே அடுப்பு எரியும். மேல்தளத்துப் பலகைகளை விரல் இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். சூடு அந்த இடுக்குகள் வழியாக ஏறி மேலே பரப்பிய ஹாப்ஸ் பூவை, பீருக்குக் கசப்பு தரும் பூவை, உலர்த்தும். இப்போது அடுப்பு இல்லை. ஒரு கதவு. கம்பி போட்ட ஒரு சன்னல். நடுவில் ஒரு மேஜை.

பீர் காய்ச்சுகிறவர் இறந்தால் அந்த வருடத்து முதல் கோப்பை அவருக்கு. ஊற்றி வைத்து, அறையைப் பூட்டி, எல்லோரும் கல்லறைக்குப் போய்த் திரும்புவார்கள். குடிக்கிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்பது வழக்கம். திரும்பி வரும்போது நுரை அடங்கியிருக்கும். பீர் அப்படியே இருக்கும். எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இந்த வருடம் அந்த மேஜையில் ஒரு உயிலும் இருந்தது. ரெமி எழுதி வைத்தது. மகள் தனியாகக் காய்ச்சும் முதல் பீரை அஹீலும் நோட்டரியும் ருசி பார்க்க வேண்டும். இருவரும் எண்பதுக்குக் குறையாமல் போட்டால் பீர் காய்ச்சும் செம்புக் கொப்பரை அவளுக்கு. குறைந்தாலோ, அவள் தில்லுமுல்லு செய்தாலோ, எல்லாம் ஈவோவின் இஷ்டம். ஈவோவின் இஷ்டம் ஊருக்கே தெரியும். பதினெட்டு வயதில் ப்ரஸ்ஸல்ஸ் போனவன். கொப்பரையைப் பழைய செம்பாக எடை போடக் காத்திருக்கிறவன்.

சத்தம் கேட்டு, ஈரக் கையோடு உள்ளே வந்தாள் சுல்மா. முப்பத்தெட்டு வருடமாக அங்கே கோப்பை கழுவுகிறவள். சோப்பு போட மாட்டாள். சோப்பின் வழவழப்பு ஒட்டினால் நுரை செத்துவிடும். பச்சைத் தண்ணீர்தான், நவம்பரிலும். கை இரண்டும் வேகவைத்த நண்டு நிறத்தில் இருக்கும்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அட்டையைத் தூக்கினாள். அதற்கு அடியில் இன்னொரு அட்டை இருந்தது. ஒன்றும் எழுதாதது. காலை ஒன்பதரைக்கு மேஜையைத் துடைத்துவிட்டு அவளே வைத்தது.

10.48.

நோட்டரிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சாவி என் பாக்கெட்லயே இருந்துச்சு. பூட்டறதுக்கு முன்னாடி கடைசியா வெளிய வந்தது யாரு?"

"நான்தான்," என்றாள் வால்பர்கா. "மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தேன்."

"தனியா இருந்தியா?"

"ஒரு நிமிஷம் இருந்திருப்பேன்."

"ஒரு கோப்பைய கவுக்க ஒரு நிமிஷம் போதும்மா. தொண்ணூத்தி நாலு. யாருக்கு லாபம்?"

"ஐயா, நான் தொடல. அப்பா மேல சத்தியமா தொடல."

"செத்தவர் மேல சத்தியம் பண்ற நாளா இது!" என்றார் அஹீல்.

ஈவோ தங்கையின் தோளில் கை வைத்தான். "விடுங்க ஐயா. அப்பா வாயால ஒரு நல்ல வார்த்தை கேக்காம வளந்தவ. ஆசைல பண்ணிட்டா. நான் தப்பா எடுத்துக்கல."

அவள் அந்தக் கையை உதறினாள்.

"தில்லுமுல்லுன்னு எழுத வேண்டியிருக்கும்," என்றார் நோட்டரி. "பதினொன்றரைக்குக் கையெழுத்து."

"கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்சம் ரொட்டி சாப்பிடுங்க," என்றாள் சுல்மா. "வெறும் வயித்துல எழுதினா எழுத்து கோணிடும்."

ருசி பார்ப்பதற்கு நடுவே நாக்கைச் சுத்தம் செய்ய வைத்த ரொட்டி. வெண்ணெய் கிடையாது, கத்தி கிடையாது. ஒரே ரொட்டியை எல்லோரும் கையால் பிய்த்தார்கள். நோட்டரி பேசாமல் மென்றார். வால்பர்கா அழுகையோடு விழுங்கினாள். அஹீல் இரண்டாவது முறையும் பிய்த்தார். ஈவோ ஒரு வாய் கடித்து முகம் சுளித்தான்.

"கருமம், கசக்குது! மாவுல என்னத்தடா போட்டான் பேக்கரிக்காரன்?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்குப் ப்ரஸ்ஸல்ஸ் நாக்கு," என்றார் அஹீல்.

சுல்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

11.05.

"கல்லறைக்கு எந்த வரிசைல நடந்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ யாருடி விசாரிக்க? கோப்பை கழுவுறவ!"

"கோப்பைதான் அஹீலண்ணே இங்க பேசுது. சொல்லுங்க."

"முன்னாடி நான்," என்றார் நோட்டரி. "அடுத்து வால்பர்கா. அப்புறம் அஹீல். கடைசியா ஈவோ."

"ஈவோவ யாரு பாத்தது?"

"பனில என் மூக்கே எனக்குத் தெரியல," என்றார் அஹீல். "ஆனா பின்னால காலடிச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. கல்லறை வரைக்கும். நான் நின்னா நிக்கும். நடந்தா நடக்கும்."

"அதான் நான்," என்றான் ஈவோ.

"கண்ணால பாத்தீங்களான்னுதான் கேட்டேன்."

"திரும்பி வரும்போது சேந்து வந்தான். போகும்போது பாக்கல."

சுல்மா வெளியே போய் வேறொரு கோப்பையோடு வந்தாள். இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது காலையில சமையல்கட்டுல அஹீலண்ணன் திருட்டுத்தனமா குடிச்சது."

"தொண்டை நனைச்சேன். அது குடிச்ச கணக்குல வராது."

"நனைச்ச கோப்பைய நல்லாப் பாருங்க. நுரை வளையம் இருக்கு. ஆனா சுத்தி முழுசா இல்ல. ஒரு பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் சன்னல் மாதிரி சுத்தமா இருக்கு. வாய் வச்ச பக்கம். கோப்பையச் சாய்ச்சா பீர் அந்தப் பக்கமா ஓடி நுரைய அலம்பிட்டுப் போயிடும். முப்பத்தெட்டு வருஷமா கழுவுறேன். மனுஷன் குடிச்ச கோப்பையில அந்தச் சன்னல் இல்லாம நான் பாத்ததே இல்ல."

கோப்பையின் அடியைக் கையால் பொத்திப் பிடித்தபடி, ரெமியின் கோப்பையைத் திருப்பினாள். கண்ணுக்குத் தெரிந்த வளையங்கள் கிணற்று உறை மாதிரி, மட்டமாக, சுற்றிலும் உடையாமல் இருந்தன.

"இதுல வாயே படல. வால்பர்கா குடிச்சிருந்தா சன்னல் இருக்கும். கவுத்து ஊத்தியிருந்தா வளையமே விழாது. விட்டு விட்டு, நேர் கீழா, மட்டம் இறங்கியிருக்கு. யாரோ குழாய் விட்டு இழுத்திருக்காங்க."

"பூட்டின அறையில யாரு வந்து இழுப்பா?" என்றார் நோட்டரி.

சுல்மா முகத்தை மேலே தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். தலைக்கு மேல் பலகைகள். பலகைகளுக்கு நடுவே விரல் அகலக் கறுப்புக் கோடுகள்.

11.15.

வெளிப்புற ஏணியில் நோட்டரிதான் முதலில் ஏறினார். உலர்த்தும் தளத்தில் பல வருடத்து ஹாப்ஸ் தூள் மஞ்சள் மெத்தையாகப் படிந்திருந்தது. அதில் புதிய காலடிகள். மேஜைக்கு நேர் மேலே ஒருவர் மண்டி போட்ட தடம். மூலையில் ஒரு வாளி. அதில் பீர். பக்கத்தில், நொதிக்கும் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கிற பித்தளைக் கைப்பம்பு, மெல்லிய குழாயோடு.

இறங்கி வந்த நோட்டரி தன் முழங்காலைத் தட்டினார். மஞ்சள் பறந்தது.

"அட்டையும் அங்கேருந்துதான் விழுந்துச்சு," என்றாள் சுல்மா. "அறைக்குள்ள இருந்து எழுதினவங்க எதிர்ல இருக்கற வெத்து அட்டையிலதானே எழுதியிருப்பாங்க? இது இடுக்கு வழியா விழுந்த பழைய அட்டை. வெத்து அட்டை மேலயே போய் உக்காந்துடுச்சு. மேல ஆள் நடந்ததுல தூளும் கொட்டியிருக்கு. நான் துடைச்ச மேஜை."

"யாரு ஏறினது?" நோட்டரியின் குரல் மாறியிருந்தது.

"ரொட்டி கசக்குதுன்னு யாரு சொன்னது?"

எல்லோரும் ஈவோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாப்ஸ் பறிச்ச கை தொட்ட ரொட்டி கசக்கும். பறிக்கப் போன முத நாளே தெரிஞ்சுடும். அந்தத் தூள் பிசின் மாதிரி. பச்சைத் தண்ணில கழுவினா போகாது. கை பாக்கச் சுத்தமா இருக்கும். நாக்குதான் கண்டுபிடிக்கும். ஒரே ரொட்டிய நாலு பேரு பிச்சீங்க. ஒருத்தன் கையில மட்டும் கசந்துச்சு. வேற யாராயிருந்தாலும் வாய மூடிட்டு முழுங்கியிருப்பாங்க. நீ இங்க பொறந்தவன்டா ஈவோ. அதுகூடவா மறந்துபோச்சு?"

ஈவோ தன் உள்ளங்கையைப் பார்த்தான். மெதுவாக நாற்காலியைத் தேடினான். அப்பாவின் நாற்காலி என்று கண்டு உட்காராமல் நின்றான்.

"பாராட்டி ஒரு அட்டை விழுந்தா, அவதான் பண்ணினான்னு நீங்களே முடிவு கட்டுவீங்கன்னு தெரியும்," என்றான் நோட்டரியிடம். "அப்பா தன்னோட பீருக்குத் தானே போட்ட பழைய அட்டை. அவரு டிராயர்ல கிடந்துச்சு."

"நல்ல வார்த்தை கேக்காம வளந்தவன்னு சொன்னியே," என்றாள் வால்பர்கா. "அதையாவது மனசாரச் சொன்னியாண்ணே?"

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

"ஏழுன்னு எண்ணி இழுத்தான் பாரு," என்றார் அஹீல். "அப்பன் மாதிரியே. என் குலை நடுங்கிடுச்சுடா பாவி."

ஈவோ நிமிர்ந்தான்.

"ஏழா? நான் ஆறுதான் இழுத்தேன். ஆறாவதுல நுரை ஏறி பம்பு அடைச்சுக்கிச்சு. அடியில ஒரு விரல் பீர் மிச்சம் இருந்துச்சு. அப்படியே விட்டுட்டு ஓடினேன். நான் கல்லறைக் கேட்டுக்கிட்ட வரும்போது நீங்க எல்லாம் கும்பிட்டு முடிச்சுத் திரும்பிட்டீங்க."

அஹீலின் வாய் திறந்தபடி நின்றது. "அப்ப... போகும்போது என் பின்னால..."

மெழுகுவர்த்தி சடசடத்தது. சுல்மா மட்டும் அசையவில்லை. பொத்திய கையை அவள் இன்னும் கோப்பையின் அடியிலிருந்து எடுக்கவில்லை.

11.30.

"ருசி பார்ப்பு செல்லும்," என்றார் நோட்டரி. "ஈவோ, நீங்க போகலாம்."

ஈவோ கதவைத் திறந்தான். வெளியே பனி ஒரு சுவராக நின்றது. அவன் படியில் கால் வைக்காமல் திரும்பினான்.

"யாராச்சும் வண்டி வரைக்கும் கூட வாங்களேன்."

"உங்கப்பா வருவாரு, போ," என்றார் அஹீல். சொன்ன பிறகு அவரே சிரிக்கவில்லை.

புதுப் புட்டி திறந்தார்கள். வால்பர்கா ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. தேனும் ஆரஞ்சும் கலந்த நிறம். நுரை பஞ்சாக ஏறி விளிம்பில் நின்றது. அஹீல் மோந்து பார்த்துக் கண்ணை மூடினார். பம்பளிமாஸ் தோல், மிளகு, மழைக்குப் பின் வெட்டிய புல். குடித்தார். முதலில் இனிப்பு. பிறகு கசப்பு மெல்ல ஏறி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. கடைசியில் தொண்டையில் ஒரு கணகணப்பு, ஒன்பது சதவீத ஆல்கஹாலின் சூடு.

"தொண்ணூறு," என்றார்.

நோட்டரி நேரம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார், சுழற்றினார், குடித்தார், ரொட்டி கடித்தார், மறுபடி குடித்தார். வால்பர்கா ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கடைசியில கசப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

அவள் தலை குனிந்தாள்.

"உங்கப்பாவுக்கும் இதே குறைதான். முப்பது வருஷமா சொன்னேன், கேக்கல." பேனாவைத் திறந்தார். "எண்பத்தொண்ணு."

12.10.

எல்லோரும் போன பின் சுல்மா கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். ரெமியின் கோப்பை மட்டும் மேஜையில் இருந்தது. வால்பர்கா அதைப் பார்த்தபடி நின்றாள். இப்போது அதன் அடி மறைக்கப்படாமல் இருந்தது. ஆறு வளையங்கள் சுற்றிலும் முழுசாக இருந்தன. ஏழாவது, கடைசி வளையத்தில் மட்டும், நாற்காலியைப் பார்த்த பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நுரை இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது.

"முதல்லயே பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"அது விசாரணைக்கு வேண்டியதில்ல."

காலையில் அப்பாவுக்கு ஊற்றிய புட்டியை வால்பர்கா எடுத்தாள். அடியில் ஈஸ்ட் கலங்கிய வண்டல் ஒரு விரல் இருந்தது. மற்றவர்கள் கொட்டிவிடுவார்கள். ரெமி அதைத் தனியாக, கடைசியாகக் குடிப்பார். அவள் அதை அந்தக் கோப்பையில் ஊற்றினாள்.

"இதை இன்னைக்குக் கழுவ வேணாம்."

"சரிம்மா."

இருவரும் வெளியே வந்தார்கள். நோட்டரி விட்டுப்போன சாவியால் சுல்மா கதவைப் பூட்டினாள். பூட்டு விழுந்த சத்தத்துக்குப் பின்னால், உள்ளே, தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

வால்பர்கா அவள் கையைப் பிடித்தாள். சுல்மா திரும்பித் திறக்கவில்லை. குடிக்கிறவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது அவளுக்கு வழக்கமில்லை. காலியான பிறகு போய் எடுப்பதுதான் அவள் வேலை.