புட்டிக்கு ஒன்று குறைவு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே நிவேதிதா துலுக்கானத்தின் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அலுவலகம் என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்காகத்தான். திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோக்கள் திரும்பும் முனையில், தராசு பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள். அவற்றில் ஒன்று ஆடும். துலுக்கானம் ஆவடிப் பக்கம் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதனை செய்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். திருகாணியில் மயிரிழை கோணல் இருந்தாலும் திருப்பி அனுப்பியவர். அதை அவர் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. எனக்குப் பெருமை தாங்காமல் நான் சொல்கிறேன்.

ஆடும் நாற்காலியில் இருந்தவன் விக்ரம். தூத்துக்குடிக்காரன், மென்பொருள் கம்பெனியில் வேலை, நூம்பல் அடுக்குமாடியில் குடியிருப்பு. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன நாட்களில் அவன் வீட்டில் இருப்பதில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவான்.

நிவேதிதா உட்கார்ந்ததும் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பூந்தமல்லி அருகே ஒரு மருத்துவ ஆய்வு நிலையத்தில் அவள் ஒருங்கிணைப்பாளர். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து முழங்கால் வலியைக் குறைக்கிறதா என்று முந்நூறு பெண்களிடம் ஆறு மாதமாக ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்கு நிஜமான மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரிக் கூட்டில் அடைத்த, மஞ்சள் சாயம் கலந்த வெறும் மாவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால், 'எனக்கு நிஜ மருந்து' என்ற எண்ணமே வலியைக் குறைத்துச் சொல்ல வைத்துவிடும்.

ஆவடிக் குவார்ட்டர்ஸில் முப்பத்திரண்டு பெண்களை வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவள் இவள்தான். பத்தாம் தேதி கடைசி முகாம். வலி எவ்வளவு என்ற கடைசிக் கேள்விகளுக்கு எல்லோரும் பதில் எழுதிக் கொடுத்தார்கள். பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடைசி ரத்தப் பரிசோதனைக்கும் மிச்ச மாத்திரையோடு புட்டிகளைத் திருப்பிக் கொடுக்கவும் மறுபடி வந்தார்கள். வந்தவர்கள் 'நெசம்' ஒரு பக்கமும் 'டூப்பு' ஒரு பக்கமுமாகச் சிரித்துக்கொண்டே பிரிந்து உட்கார்ந்ததைத் தலைமை ஆய்வாளர் டாக்டர் இராமகிருஷ்ணன் பார்த்துவிட்டார். சாவித்திரி என்ற பெண்ணின் கையில் ஒரு சீட்டு இருந்தது. முப்பத்திரண்டு பெயர்கள், முப்பத்தொன்றுக்கு எதிரே நெசமா டூப்பா என்ற குறிப்பு. ரகசியப் பட்டியலை வைத்திருக்கும் புள்ளியியலாளர் ரவிச்சந்திரன் ஒப்பிட்டுப் பார்த்தார். முப்பத்தொன்றும் சரியாக இருந்தன.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம். பட்டியல் ரவிச்சந்திரனின் கணினியில் பூட்டோடு இருக்கிறது. அது தவிர, யாருக்காவது ஆபத்து வந்தால் அவசரத்துக்குப் பிரித்துப் பார்க்க ஆளுக்கொரு ஒட்டிய உறை உண்டு. ஆவடி உறைகள் முப்பத்திரண்டும் நிவேதிதாவின் பீரோவில், அவள் சாவியில் இருந்தன. ரகசியம் வெளியானதும் ஆவடியில் மட்டும்தான்.

"சாவியை வாங்கிட்டாங்க சார். வியாழக்கிழமை நெறிமுறைக் குழு கூடுது. ஆவடிப் பதில்களை மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டு, என்னையும் வெளிய அனுப்பிடுவாங்க. வேலை போனாக்கூட தென்காசிக்குப் போயி பொழைச்சுக்குவேன். ஆனா ஏமாத்துக்காரின்னு பேரோட போக மாட்டேன்" என்றாள்.

சீட்டின் படத்தைச் செல்போனில் காட்டினாள். துலுக்கானம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெயர்களைப் படித்தார். ஞானம்மாள் என்ற பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம்.

"போட்டோ வேணாம்மா, அசலு வேணும்" என்றார் அவர். "புட்டிங்கோ எங்க கீது?"

பதினோரு மணிக்கு மூவரும் ஆய்வு நிலையத்தில் இருந்தார்கள். இராமகிருஷ்ணன் கடுப்போடுதான் வரவேற்றார். ஆனால் நேர்மையான மனிதர். கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டினார். உறைகள் ஒட்டு பிரியாமல் இருந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் என்று விக்ரம் ஒரு கொள்கை வைத்திருந்தான். செல்போன் விளக்கை உறையின் முதுகில் வைத்துப் பார்த்தான். உள்ளே வெள்ளித்தாள் வைத்து ஒட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. உடனே, ரவிச்சந்திரனின் கணினியில் யாரோ புகுந்திருக்க வேண்டும் என்ற அடுத்த கொள்கைக்குத் தாவினான். விக்ரமிடம் கொள்கைகளுக்குப் பஞ்சமே கிடையாது.

துலுக்கானம் அதற்குள் புட்டிகளிடம் போய்விட்டார். மாதத்துக்கு ஒரு புட்டி, அதில் அறுபது மாத்திரை. தினம் இரண்டு, இருபத்தெட்டு நாள். நான்கு மிஞ்ச வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் தட்டில் கொட்டினார். மூன்று. அடுத்ததும் மூன்று. முப்பத்தொரு புட்டிகளிலும் தலா மூன்றே மூன்று. ஞானம்மாளின் புட்டியில் மட்டும் நான்கு. முந்தைய ஐந்து மாதக் கணக்கையும் நிவேதிதா எடுத்துக் கொடுத்தாள். அதில் எங்கேயும் குறையே இல்லை.

"ஒரு வேளை முழுங்க மறந்திருப்பாங்கண்ணே" என்றான் விக்ரம்.

"மறந்திருந்தா ஒண்ணு மிஞ்சணும் நைனா. இங்க ஒண்ணு கொறயுது."

பிறகு அசல் சீட்டை வாங்கினார். உள்ளங்கை அளவுத் தாள். ஓரத்தில் விரல் பட்டதுபோல் மங்கிய சிவப்புக் கறை ஒன்று. ரத்தமோ என்று விக்ரம் முகர்ந்து பார்த்தான். துலுக்கானம் தாளைத் திருப்பினார், ஒரு நிமிடம் பார்த்தார், மறுபடி திருப்பி வைத்தார். எழுதியிருந்த பக்கத்தையே இரண்டு நாளாக நகல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

மாலையில் அவரும் விக்ரமும் ஆவடிக்குப் போனார்கள். சாவித்திரி சேலத்துக்காரி, கணவர் தொழிற்சாலையில் வெல்டர். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவள் என்று கீழ்வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். வாசல் கோலத்தின் மேல் சிமென்ட் தரையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் இருந்தது. உள்ளே மகள் கார்த்திகா, இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல்களோடு காபி கொண்டுவந்தாள், ஏழாம் மாதம். வளைகாப்பு எப்போது என்று துலுக்கானம் கேட்டார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி என்றாள். குவார்ட்டர்ஸ் முழுக்க வந்திருந்ததாம். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சாவித்திரி, சும்மா குத்துமதிப்பாகச் சொன்னது என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அவர் வற்புறுத்தவில்லை. நாளைக்கு நிலையத்துக்கு வர வேண்டும், ஞானம்மாளையும் கூட்டிவர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். இராமகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு, ரவிச்சந்திரன் கணினியைத் திறந்துகொண்டு, நிவேதிதா கதவோரமாக. சாவித்திரி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஞானம்மாள் மட்டும், ஒல்லியான அறுபது வயதுப் பெண்மணி, பரீட்சைக்கு வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

துலுக்கானம் அவசரப்படாமல் தொடங்கினார். பட்டியலோ உறையோ வெளியாகியிருந்தால் ஞானம்மாளின் ரகசியமும் வெளியாகியிருக்கும். அவருடைய உறையும் அதே பீரோவில்தான் இருந்தது. சீட்டில் தெரியாத பெயர் ஒன்று, மாத்திரை குறையாத புட்டி ஒன்று, இரண்டும் ஒரே ஆளுடையவை. ஆகவே ரகசியம் பீரோவிலிருந்து கிளம்பவில்லை, புட்டியிலிருந்து கிளம்பியது என்றார்.

"மாத்திரைக்குள்ள எழுதியா வச்சிருக்கு?" என்றார் இராமகிருஷ்ணன்.

"எழுதித்தான் கீது சார். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சிக்கினாங்க."

சட்டைப் பையிலிருந்து வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை எடுத்தார். கேள்விகளுக்கான பதில்களை எல்லாம் இனி மாற்ற முடியாதபடி கணினியில் பூட்டியாகிவிட்டதால் தடையில்லை என்று ரவிச்சந்திரன் தலையசைத்தார். சாவித்திரியின் புட்டியிலிருந்து ஒரு மாத்திரையும் சரசா என்ற பெண்ணின் புட்டியிலிருந்து ஒன்றும் எடுத்து, கூட்டைத் திறந்து, வெள்ளைச் சாஸரின் இரு பக்கமும் கொட்டினார். இரண்டும் ஒரே மஞ்சள். இரண்டு சொட்டுத் தண்ணீர், துளிச் சுண்ணாம்பு, விரலால் ஒரு தேய். ஒரு பக்கம் பளிச்சென்று சிவந்தது. மறுபக்கம் மஞ்சளாகவே கிடந்தது.

அறையில் இருந்த அத்தனை பேரும் தம் வீட்டு விசேஷங்களில் ஆரத்தித் தட்டைப் பார்த்தவர்கள்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. இருந்தும் இரண்டு வருடம் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை. விக்ரம் தலையில் அடித்துக்கொண்டான்.

சாவித்திரி எழுந்துவிட்டாள். "நான்தானுங்க ஆரம்பிச்சேன். சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு எல்லாரும் மாத்திரையைப் புட்டியோட கொண்டாந்திருந்தாங்க. ஆரத்தி கரைக்கிறப்ப சரசா மாத்திரை உடைஞ்சு தட்டு ஓரத்துல கொட்டுச்சு, குங்குமமாட்டம் செவந்துச்சு. என்னுதை உடைச்சேன், செவக்கல. அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு உடைச்சோம். டாக்டர் போலீஸுன்னதும், வீட்டுக்காரர் வேலைக்கு ஏதாவது ஆயிருமோன்னு வாயை மூடிக்கிட்டோம். இந்தப் பொண்ணு தலையில விடியும்னு சத்தியமாத் தெரியாது."

அவள் நிவேதிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிவேதிதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஞானம்மாள் மட்டும் உடைக்கவில்லை. கொடுத்ததையெல்லாம் கணக்காக விழுங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு விருந்து முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். மற்றவர்களும் உடைத்ததற்குப் பதிலாக இன்னொன்றை எடுத்து அன்றைய வேளையைத் தவறாமல் விழுங்கியிருக்கிறார்கள். புட்டிக்கு ஒன்று குறைந்தது அதனால்தான்.

இராமகிருஷ்ணன் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். நிவேதிதாவிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். பிறகு குரல் இறங்கியது. இவர்களுக்கு உண்மை முன்பே தெரிந்திருந்தால் பதில்கள் செல்லாது. வளைகாப்பன்றுதான் உடைத்தோம் என்ற வாய்ச்சொல்லைக் குழு ஏற்றுக்கொள்ளாது என்றார்.

"வாய்ச்சொல் எதுக்கு சார்" என்று துலுக்கானம் சீட்டைத் திருப்பி வைத்தார்.

பின்பக்கம் நாள்காட்டித் தாள். பெரிய சிவப்பு எழுத்தில் பதினொன்று, வியாழன். கீழே ராகுகாலம், எமகண்டம். சாவித்திரி கைக்குக் கிடைத்த தாளில் எழுதியிருக்கிறாள்.

"பதினொண்ணாந் தேதித் தாளை எப்ப கிழிப்பாங்க? பன்னண்டாந் தேதி காலைல. எந்த ஊட்லயும் இன்னிக்கித் தாளை இன்னிக்கே கிழிக்க மாட்டாங்க. செவப்புக் கறை ஆரத்தியோடது. மத்த அஞ்சு மாசப் புட்டியும் கணக்கு சரியா கீது, அதனால அதுக்கு முன்னாடி யாரும் ஒடச்சுப் பாக்கல. நீங்க கேள்வி கேட்டு முடிச்சது பத்தாந் தேதி. இவங்க தெரிஞ்சிக்கினது பன்னண்டு. உங்க ஆராய்ச்சி சுத்தமாக் கீது சார்."

ரவிச்சந்திரன் தேதிகளை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு, ரத்தப் பரிசோதனை முடிவு எண்ணத்தைப் பார்த்து மாறாது, ஆகவே ஒன்றையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினால் போதும் என்றார். அவர் சிரித்து நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை; அன்று பார்த்தார்கள். இராமகிருஷ்ணன் பீரோச் சாவியை நிவேதிதாவிடம் கொடுத்தார். அடுத்த ஆராய்ச்சிக்கு மாத்திரை செய்ததும் முதலில் சாவித்திரியிடம் அனுப்பி, அவர் கண்டுபிடிக்க முடியாமல் திணறினால்தான் முகாமுக்குப் போகும் என்றும் சொன்னார். சாவித்திரிக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. நம் பெண்களின் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் அத்தனை பெரிய ஏற்பாடும் நிற்க முடியவில்லை என்பதில் எனக்கும் பெருமைதான்.

அப்போதே ஞானம்மாளின் உறையையும் பிரித்துவிடலாம் என்றார் ரவிச்சந்திரன். முறைப்படி எல்லோருக்கும் பிரிக்கும் நாள்வரை இருக்கட்டும் என்று ஞானம்மாள் மறுத்துவிட்டாள்.

அந்த நாள் மூன்று வாரம் கழித்து வந்தது. ஆவடிக் குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் நிவேதிதா உறைகளை வரிசையாகக் கொடுத்தாள். முப்பத்தொரு பேர் தெரிந்ததையே பிரித்துப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஞானம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் நிதானமாகக் கிழித்து, படித்து, தாளை மடித்தாள்.

"டூப்பு" என்றாள்.

பின்னால் யாரோ பாவம் என்றார்கள். ஞானம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குப் பாவம்? ஆறு மாசத்துல ஒரு வேளை தப்பல. வெறும் மாவை நான் ஒழுங்கா முழுங்கினதாலதானே டாக்டருக்கு மருந்து மருந்தா இல்லையான்னு தெரியப் போவுது?"

ஆமாம் என்று சொன்ன இராமகிருஷ்ணன் எழுந்து நின்றார். ரவிச்சந்திரனும் எழுந்தார். கடைசி வரிசையில் துலுக்கானம் எழுந்ததைப் பார்த்து விக்ரமும் எழுந்தான். குழு திருப்பித் தந்திருந்த நாள்காட்டித் தாளைச் சாவித்திரி பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஞானம்மாள் நிவேதிதாவிடம் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தில் 'டூப்பு' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், 'கணக்கு சரி' என்றும் எழுதினாள்.